தவளையின் முகமும் புரட்டப்பட்ட மரக்கட்டையும்

பங்கு இளைஞர் ஒருவர் தாம் சேகரித்த தவளைப் படங்களை அண்மையில் என்னிடம் காட்டினார். கன்னங்கரிய பின்னணியில் பச்சையும் செம்மஞ்சளுமாய் ஒளிரும் தவளைகள், அரண்மனை ஓவியத்து மன்னர்களைப் போல நம்மை நேராக நோக்கின. அழகில் குறை காண இயலவில்லை. ஆயினும், இத்தவளை எங்கே அமர்ந்திருக்கிறது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை; படத்திலும் விடையில்லை.

இம்முறைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் அமெரிக்கரான ஜோயல் சார்ட்டோரி. 2006-இல் அவர் தொடங்கிய பணிக்கு ‘ஃபோட்டோ ஆர்க்’, அதாவது நிழற்படப் பேழை என்று பெயர். உயிர்க்காட்சிசாலைகளிலும் காப்பகங்களிலும் உள்ள உயிரினங்களை வெறும் கறுப்பு அல்லது வெள்ளைப் பின்னணியில் எடுக்கிறார். யானைக்குரிய மதிப்பு அங்கே தவளைக்கும் உண்டு. பனாமா நாட்டு மரத்தவளை இனமொன்றில் எஞ்சிய கடைசித் தவளையாகக் கருதப்பட்ட ‘டஃபி’யையும் அவர் படமெடுத்தார். 2016-இல் அட்லாண்டா தாவரவியல் தோட்டத்தில் அது இறந்தது. நோவா இணை இணையாகச் சேர்த்தார். இப்பேழையிலோ துணையற்ற ஒன்றின் முகம் இருக்கிறது. பூஞ்சை நோய் பரவிய காட்டுக்கு அத்தவளை திரும்ப வழியில்லை. ஆகவே அந்த வெறும் பின்னணி உண்மையையே சொல்கிறது.

காட்டில் வாழும் தவளைக்கும் அதே முகப்படத்தை நாடும்போதுதான் இடறுகிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ‘கேலக்ஸி தவளை’ என்றொரு சிற்றுயிர் உண்டு. விரல்நுனி அளவுள்ள கரிய உடல். அதில் வெளிர்நீலப் புள்ளிகள், விண்மீன் தூவியதுபோல. ஆனைமலையில் கிடைத்த இதனை 1878-இல் பெட்டோம் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். கேரளக் காடொன்றில் 2020-இல் மட்கிய மரக்கட்டைகளின் கீழ் ஏழு தவளைகளை ஆய்வாளர்கள் கண்டனர். பின்னர் திரும்பியபோது கட்டைகள் புரட்டப்பட்டு, செடிகள் மிதிபட்டுக் கிடந்தன. தவளை ஒன்றுகூட இல்லை. படமெடுக்க வந்தோர் அவற்றைக் கையிலெடுத்து, அழகான இடங்களில் வைத்து எடுத்ததாகவும், இரண்டு இறந்ததாகவும் காட்டு வழிகாட்டி ஒருவர் கூறினார். 2025-இல் இச்செய்தி வெளிவந்தது. தவளை தோலாலும் சுவாசிக்கிறது. நம் கைச்சூடும் உப்பும் அதற்குக் கேடு.

அப்படங்கள் எங்கேனும் பாராட்டப்பட்டிருக்கக்கூடும். ஒளியையும் கூர்மையையும் அளக்கும் நாம், புரட்டிய கட்டை திரும்ப வைக்கப்பட்டதா என்று கேட்பதில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்டு யானைகளைச் சுற்றிக் காடும் நிற்கும். வண்ணமில்லாத குறை எனக்குத் தோன்றியதே இல்லை.

வண்ணம் வேண்டுவோர் மலையேறவும் தேவையில்லை. எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் பெருமழை இறங்கிய இரவில் கண்மாய்க் கரைக்குச் சென்றால் போதும். மங்கிய நிறத்துப் பெருந்தவளைகளில் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, நீலக் குரற்பைகளை ஊதிக் கத்தும். இனப்பெருக்கம் முடிந்தால் அந்நிறமும் போய்விடும்.

சென்ற மழையில் அவ்விளைஞர் கரையிலிருந்தே ஒரு படம் எடுத்து வந்தார். மழைக்கோடுகள் குறுக்கே விழுந்து முகம் தெளிவாயில்லை. மஞ்சள் பொட்டுகளாய் ஏழெட்டுத் தவளைகள். பின்னால் கலங்கிய நீர், கருவேலம், மடை. வெட்கத்தோடு நீட்டினார். பங்கு இல்லத்தின் முன்னறையில் அதைத்தான் மாட்டியிருக்கிறேன்.