எர்த் இல்லாத மேடை

மின் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுபவரின் கை கம்பிகளை அழுத்தியிருக்கும்; உதடு மைக்கை உரசும். கிட்டாரும் மைக்கும் பெரும்பாலும் வெவ்வேறு ஆம்ப்ளிஃபயர்களில் இணைந்திருக்கும். இரைச்சலைக் குறைப்பதற்காகக் கிட்டார் கம்பிகளை ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு சேர்த்திருப்பார்கள். எர்த் இல்லாத சட்டத்தில் மின்சாரம் கசிந்தால் அது கம்பி வரை வந்து நிற்கும். எர்த் உள்ள மைக்கில் உதடு பட்டதும் கையிலிருந்து நெஞ்சு வழியாக ஷாக் பாயும்.

தொடக்க கால ராக் குழுக்களின் மலிவான ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றில் மெயின் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வேறு பலவற்றில் இரண்டு முள் பிளக்கும், மெயினுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கண்டென்சரும் இருந்தன. அந்தக் கண்டென்சர் ஷார்ட் ஆனால் முழு வோல்டேஜும் சட்டத்துக்கு வந்துவிடும். 1965 டிசம்பரில் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ மேடையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், கிட்டார் மைக் ஸ்டாண்டில் பட்டு நினைவிழந்து விழுந்தார், உயிர் பிழைத்தார். 1972 மே 3 அன்று பிரிட்டனின் ஸ்வான்சியில் எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி பிழைக்கவில்லை. வயது 27. யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் வீட்டிலேயே மின் கிட்டாரால் ஷாக் அடித்து இறந்தார்.

வீட்டு மின்சாரம் அமெரிக்காவில் 120 வோல்ட், இந்தியாவில் 230. ஈரத் தோலின் மின்தடையை 1,000 ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் உடலில் 0.23 ஆம்பியர் ஓடும். இதயத் துடிப்பு குலைய 0.1 ஆம்பியரே போதும். 5 ஆம்பியர் ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. அது காப்பது வயரை, வாசிப்பவரை அல்ல.

1970-களில் மொஹீனேர் கோராகுலி போன்ற குழுக்கள் வங்காளத்தில் ராக் இசைக்கு வழி திறந்த காலத்தில், இறக்குமதி ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலோருக்கு எட்டாத பொருள்; கிடைத்ததை வைத்தே மேடையேற வேண்டும். கொல்கத்தாவின் பாலிகஞ்ச் போன்ற பகுதிகளில், மேடைக் கச்சேரிகள் நடக்கும் துர்கா பூஜை மழைக்காலம் முடியும் தறுவாயில் வருகிறது. மூங்கில் பந்தல், ஈர மண், டேப் சுற்றிய வயர் இணைப்புகள், நடுவே லோட் ஷெடிங் என்று எல்லாம் சேர்ந்தால் எந்த மேடையும் ஆபத்தானதுதான். மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் ஓடும். அதற்கு மண்ணில் எர்த் இறக்காவிட்டால் முதல் பழுது வெளியே தெரியாமலே கிடக்கும். இரண்டாவது பழுதில் வாசிப்பவர் மாட்டிக்கொள்வார்.

உதட்டில் ‘சுரீர்’ என்று படுவதை மேடையில் சகஜமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம்தான் மிகப் பெரிய தவறு. அது சட்டத்தில் மின்சாரம் கசிகிறது என்பதற்கான எச்சரிக்கை. அந்த நொடியிலேயே வாசிப்பை நிறுத்த வேண்டும். மூன்று முள் பிளக், மேடை முழுவதற்கும் ஒரே எர்த், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் அவசியம். வயர்லெஸ் மைக்கைப் பயன்படுத்தினால் உதட்டுக்கும் எர்த்துக்கும் இடையிலான அந்தப் பாதையே அறுந்துவிடும்.