டப் இசை: நீக்கிச் செய்யும் கலை

டப், ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1960களின் இறுதியில் தோன்றி 1970களில் முழு வடிவம் பெற்ற இசை வகை. ஏற்கெனவே பதிவான ரெகே பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் குரலையும் சில கருவிகளையும் நீக்கி, டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் முன்னிறுத்தி, எதிரொலியும் அதிர்வும் சேர்த்துப் புதிய ஆக்கமாகத் தருவது இதன் முறை. இதன் ஆசிரியர் பாடகரோ இசையமைப்பாளரோ அல்லர். மிக்சர் முன்னால் நிற்கும் ஒலிப்பொறியாளர்.

தமிழில் டப்பிங் என்றால் படத்துக்கு வேறொரு குரல் கொடுப்பது. ஜமைக்காவில் டப் என்றால் இருக்கிற குரலை எடுத்துவிடுவது. தமிழ் வாசகர் இவ்விசையை அணுகும்போது இந்த முரணை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் டப் பற்றிய பெரும்பாலான அறிமுகங்கள் அது எதைச் சேர்க்கிறது என்பதையே பேசுகின்றன. எதிரொலி, இடிமுழக்கம், விசித்திர ஒலிகள் என்று பட்டியல் நீள்கிறது. டப்பின் உயிர் அங்கில்லை. எதை, எந்தக் கணத்தில், எவ்வளவு நேரத்துக்கு எடுப்பது என்ற முடிவில்தான் ஒரு கலைஞன் இன்னொருவனிடமிருந்து வேறுபடுகிறான்.

தோற்றம்

கிங்ஸ்டனில் ஏழைகளின் இசையரங்கு தெருதான். பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, இசைத்தட்டுகளைப் போட்டு, மக்களை ஆடவைக்கும் குழுக்களுக்கு சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். நம் ஊர்த் திருவிழாக்களின் ரேடியோ செட்காரரை இதற்கு ஒப்பிடலாம், ஒரு வேறுபாட்டோடு. நம்முடைய குழாய் ஒலிபெருக்கி கீச்சொலியை ஊர் எல்லை தாண்டி அனுப்பும்; ஜமைக்காக்காரரின் மரப்பெட்டிகள் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் கீழொலிக்காகச் செய்யப்பட்டவை. பேஸ் கிட்டார் டப்பின் முதுகெலும்பானதற்கு இந்தப் பெட்டிகளும் ஒரு காரணம்.

ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த ரடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரர், 1960களின் பிற்பாதியில் டியூக் ரீடின் டிரெஷர் ஐல் ஒலிப்பதிவுக் கூடத்தில் தனக்கென ஒரு தட்டு வெட்டிக்கொள்ளப் போனார். பாரகன்ஸ் குழுவின் 'ஆன் தி பீச்' பாடலைத் தட்டில் வெட்டும்போது பொறியாளர் பைரன் ஸ்மித் குரல் தடத்தைத் தவறுதலாக விட்டுவிட்டார். அதைத் திருத்த வேண்டாம் என்று சொல்லி ரெட்வுட் அப்படியே கொண்டுபோய்ப் போட, கூட்டம் விடுபட்ட வரிகளைத் தானே பாடியது. டப் வரலாறுகளில் தவறாமல் சொல்லப்படும் கதை இது. கதை ஓரளவு மெருகேறியிருக்கலாம். அது சுட்டும் உண்மை எளியது. குரல் இல்லாத இடத்தைக் கேட்பவர் தன் நினைவால் நிரப்புகிறார். விரைவில் இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரலற்ற 'வெர்ஷன்' வெளியிடுவது வழக்கமாயிற்று. தயாரிப்பாளருக்கு இன்னொரு பாடலைப் பதிவுசெய்யும் செலவும் மிச்சமானது.

கிங் டப்பி

இந்தச் சிக்கனத்தைக் கலையாக்கியவர் கிங் டப்பி. இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடக். 1941இல் பிறந்தவர், தொழிலால் மின்கருவி பழுதுபார்ப்பவர். ஆம்ப்ளிஃபயர்களைத் தானே செய்தார், சொந்தமாக ஒரு சவுண்ட் சிஸ்டம் நடத்தினார், டியூக் ரீடிடம் தட்டு வெட்டும் வேலையும் பார்த்தார். வாட்டர்ஹவுஸ் பகுதியில் ட்ரோமிலி அவென்யூவில் இருந்த தன் வீட்டிலேயே சிறு கூடம் ஒன்றை அமைத்தார். டைனமிக் சவுண்ட்ஸ் கூடத்திலிருந்து வாங்கிய நான்கு தட மிக்சர்தான் அதன் மூலதனம்.

நான்கு தடம் என்றால் பாட்டு முழுவதும் நான்கு பங்குகளுக்குள் அடங்க வேண்டும். பெரும்பாலும் டிரம்ஸ் ஒன்றில், பேஸ் ஒன்றில், கிட்டாரும் ஆர்கனும் சேர்ந்து ஒன்றில், குரல் ஒன்றில். கருவிகளைத் தனித்தனியே தொட முடியாது. ஒரு தடத்தை மூடினால் அதிலுள்ளவை எல்லாம் ஒன்றாகப் போகும். டப்பி இந்தக் குறையையே இலக்கணமாக்கினார். கிட்டாரும் ஆர்கனும் ஒருசேர மறைந்து, பேஸ் மட்டும் தனியே நடந்து, பின் எல்லாம் ஒரே தட்டில் திரும்பி வரும் அவருடைய அமைப்பு நான்கு தடங்களின் அமைப்புத்தான்.

அவர் கையாண்ட மற்றக் கருவிகளும் எளியவையே. ஒலிநாடா இயந்திரத்தில் பதியும் முனைக்கும் படிக்கும் முனைக்கும் சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியால் ஒலி சற்றுப் பிந்தி வரும். பிந்தி வந்ததை மறுபடி உள்ளே அனுப்பினால் அது தேய்ந்து தேய்ந்து பலமுறை ஒலிக்கும். அதிர்வுக்குச் சுருள்வில் கொண்ட பெட்டி. அதைக் கையால் தட்டினால் இடி. மிக்சரில் ஒரு குமிழ், கீழொலிகளைப் படிப்படியாக அரித்தெடுக்கும். அதைத் திருகும்போது டிரம்ஸின் தட்டொலி ஊசிபோல மெலிந்து காற்றில் சீறும். இவ்வளவுதான். முக்கியமானது, இவை அனைத்தையும் டப்பி ஒரே ஓட்டத்தில் செய்தார் என்பது. நாடா ஓடத் தொடங்கினால் முடியும்வரை கை நிற்காது. அதே நாடாவிலிருந்து மறுநாள் வேறொரு கலவை பிறக்கும். பதிவுசெய்யப்பட்ட இசையை மேடைக் கச்சேரியின் நிலைக்கு அவர் கொண்டுவந்தார் என்பது மிகைக்கூற்று அல்ல.

'கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' இதற்குச் சிறந்த சான்று. ஜேக்கப் மில்லர் பாடிய 'பேபி ஐ லவ் யூ ஸோ' என்ற காதல் பாட்டின் டப் வடிவம் இது. தயாரிப்பும் மெலோடிகாவும் அகஸ்டஸ் பாப்லோ. ஊதி வாசிக்கும் அந்தச் சிறு கட்டைக் கருவி பள்ளிச் சிறுவர்களுக்கானது என்று கருதப்பட்ட காலத்தில் பாப்லோ அதைத் தன் முதன்மைக் கருவியாகக் கொண்டார். மூலப் பாட்டில் மில்லர் தன் காதலை முழுதாகச் சொல்லிவிடுகிறார். டப்பி அவரைச் சொல்லவிடுவதில்லை. ஒரு சொல் எழும், எதிரொலியாகச் சிதறும், அது அடங்குவதற்குள் டிரம்ஸ் உருண்டு வந்து இடத்தை எடுத்துக்கொள்ளும். மூலத்தில் இனிமையாக இருந்த காதல் இங்கே இழப்பாகக் கேட்கிறது. ஒரு சுரம்கூடப் புதிதாக எழுதப்படவில்லை. பொருள் மட்டும் மாறிவிட்டது. 1976இல் இதே பெயரில் வந்த தொகுப்பில் கிட்டார் வாசித்தவர்களுள் ஒருவர் ஏர்ல் 'சின்னா' ஸ்மித். பெயரைப் பார்த்துத் தமிழ் வேர் தேட வேண்டியதில்லை.

டப்பியின் சமகாலத்தவரான லீ 'ஸ்க்ராட்ச்' பெரி 1973இல் கட்டிய பிளாக் ஆர்க் கூடத்தில் இதற்கு எதிர்த்திசையில் சென்றார். நான்கு தடத்தில் பதிந்ததை ஒன்றாக்கி, கிடைத்த இடத்தில் மேலும் மேலும் பதிந்து, ஒலிகளைக் குழைத்துப் பூசினார். 1976இன் 'சூப்பர் ஏப்' தொகுப்பு அந்த வழியின் உச்சம். பெரியைச் சுற்றிக் கதைகள் அதிகம். கூடம் எரிந்த கதை, சுவர்களை எழுத்தால் நிரப்பிய கதை. கதைகளின் வெளிச்சத்தில் அவர் பெரிதாகத் தெரிகிறார். கூர்ந்து கேட்பவருக்கு டப்பியின் வெறுமையே கூடுதல் துணிச்சலாகப் படும்.

மலையில் கேட்கும் ஒலி

டப்பின் எதிரொலியை அலங்காரமாகக் கொள்வது பொதுவான பிழை. தமிழ்நாட்டில் எக்கோ என்றதும் மைக் செட்டில் தெய்வ வாக்கும் தேர்தல் அறிவிப்பும் பேசும் கனத்த குரல்தான் நினைவுக்கு வரும். அங்கே எக்கோ குரலைப் பெரிதாக்குகிறது. டப்பில் அது ஒலிக்கு ஓர் இடத்தைத் தருகிறது, தொலைவைத் தருகிறது.

இதை விளங்கிக்கொள்ள நீலகிரியின் மஞ்சூர் வட்டாரம் உதவும். குந்தா மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களுக்கும் படுகர் ஊர்களுக்கும் நடுவே கோத்தர்களின் ஏழு ஊர்களில் ஒன்றான குந்தா கோத்தகிரி உள்ளது. கோத்தர்களின் இசைக்குழுவில் 'கொள்' என்ற நாயன வகைக் குழலும், 'தபட்க்' என்ற தட்டைப் பறையும், உருளை மேளமும், வெண்கலக் கொம்பும் உண்டு. ஐயனோர் அம்மனோர் வழிபாட்டிலும் ஈமச் சடங்கிலும் இவை திறந்தவெளியில் ஒலிக்கின்றன. பள்ளத்தாக்கின் மறுபுறம் நிற்பவருக்கு எல்லாக் கருவியும் ஒரே அளவில் வந்து சேர்வதில்லை. மேலொலிகளைக் காற்றும் மரங்களும் உறிஞ்சிக்கொள்ளும்; கீழொலிகள் நெடுந்தொலைவு செல்லும். ஆகவே மேளம் நிலையாகக் கேட்கும். குழல் காற்றின் போக்கில் வரும், அறுபடும், திரும்ப வரும். டப்பி தன் சிறிய கூடத்தில் கையால் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

இந்த ஒப்புமையை இதற்குமேல் நீட்டக் கூடாது. மலையில் குழலை நீக்குவது தொலைவும் காற்றும், கலைஞன் அல்லன். மேலும், கோத்தர் இசையை 1990களின் தொடக்கத்தில் களஆய்வு செய்த ரிச்சர்ட் வுல்ஃப் காட்டுவதுபோல, அங்கே மெட்டு சடங்கிலிருந்து பிரிக்க இயலாதது. தெய்வத்துக்கான மெட்டு வேறு, இறந்தவருக்கான மெட்டு வேறு. இடமும் காலமும் மாறி வாசிக்கலாகாது. டப்போ எந்தப் பாட்டையும் அதன் தருணத்திலிருந்து பெயர்த்தெடுப்பதால் வாழ்கிறது. கோத்தர் இசையை 'நீலகிரியின் டப்' என்று அழைப்பது இரண்டையும் அறியாதவர் செய்யும் வேலை.

வேறொரு புள்ளியில் ஒப்பீடு கூடுதலாகப் பயன்படுகிறது. கோத்தர்கள் நெடுங்காலம் படுகர், தோடர் இல்ல இறப்புகளுக்கும் வாசித்துவந்தனர். கைம்மாறாகத் தானியமும் இறைச்சியும் கிடைத்தன. கூடவே தாழ்வும் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த உறவு முறிந்தது. அதன்பின் அவர்கள் தங்கள் தெய்வத்துக்கும் தங்கள் இறந்தோருக்கும் வாசிப்பவர்களாயினர். வாசிப்பவன் யாருக்காக வாசிக்கிறான், பலன் யாருக்கு என்ற கேள்வி கிங்ஸ்டனிலும் எழுந்தது. டிரம்ஸும் பேஸும் வாசித்தவர்களுக்குப் பதிவு நாளன்று ஒரு தொகை தரப்பட்டது. அதே தாளத்தின் மேல் பிறகு பத்துப் பாட்டும் இருபது டப்பும் வந்தாலும் உரிமை தயாரிப்பாளருக்கே. டப்பின் வெறுமையை வியக்கும் விமர்சகர்கள், அந்த வெறுமையில் தனித்து நிற்கும் பேஸ் யார் விரல் என்று கேட்பது குறைவு.

சென்னையும் கிங்ஸ்டனும்: 'கலா'

இக்கேள்வி தமிழுக்கு நேராக வந்து நின்றது எம்.ஐ.ஏ.வின் 'கலா' தொகுப்பில். 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மீண்டும் லண்டன் சென்ற மாதங்கி அருள்பிரகாசம் என்பவரே எம்.ஐ.ஏ. முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்', 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயர். இதன் சில பகுதிகள் சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் பஞ்சதன் கூடத்தில் பதிவாயின. 'பேர்ட் ஃப்ளூ'வில் தமிழ்நாட்டு உறுமி முழங்குகிறது. 'பாய்ஸ்' பாடலின் படம் ஜமைக்காவில் எடுக்கப்பட்டது. தயாரிப்பாளர்களுள் ஸ்விட்ச், டிப்லோ இருவரும் பின்னர் மேஜர் லேசர் என்ற பெயரில் ஜமைக்கா இசையையே பிழைப்பாகக் கொண்டவர்கள்.

'பேர்ட் ஃப்ளூ' டப்பிடமிருந்து உடலை அதிரவைக்கும் ஆசையைப் பெற்றது, பொறுமையைப் பெறவில்லை. மேளத்தின் மேல் சிறுவர் கூச்சல், அதன் மேல் கோழிச் சத்தம், அதன் மேல் பாட்டு. உறுமியின் தேய்ப்பொலிக்கு, அந்த முனகல் மேலேறிக் கீழிறங்குவதற்கு, மூச்சுவிட இடமில்லை. டப்பி கையில் அது கிடைத்திருந்தால் மற்ற அனைத்தையும் மூடிவிட்டு உறுமியை எட்டு மாத்திரை தனியே நடக்கவிட்டிருப்பார். தமிழ்ச் சூழலில் தோல்கருவி வாசிப்பு சாதியோடும் இழிவோடும் கட்டிப்போடப்பட்ட ஒன்று. அதை உலக மேடைக்குக் கொண்டுசென்றது சிறிய காரியமில்லை. ஆனால் வாசித்தவர் அங்கும் கூட்டமாகவே நிற்கிறார்; விமர்சனங்கள் பேசியது ஸ்விட்ச், டிப்லோ பெயர்களைத்தான்.

தொகுப்பில் டப்பின் உண்மையான வாரிசு 'பேப்பர் பிளேன்ஸ்'. தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்த சுழற்சி மேல் கட்டப்பட்டது. அந்தக் குழு தானே ரெகேவின் மாணவர். 1977இல் லீ பெரியிடம் ஒரு பாட்டைப் பதிவுசெய்தவர்கள். இதன் பல்லவியில் முக்கியமான சொற்கள் இல்லை. சொல் வர வேண்டிய இடத்தில் துப்பாக்கி வெடிக்கிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. அகதியைப் பற்றி மேற்குலகம் கொண்ட அச்சத்தைச் சொல்லாமல், கேட்பவரே நிரப்பிக்கொள்ளும்படி விடுகிறது. ரெட்வுட்டின் கூட்டம் செய்ததைத்தான் உலகம் முழுவதும் செய்தது. பிறகு தொலைக்காட்சி அந்த வெடிச்சத்தத்தை மாற்றி ஒளிபரப்பியது; எம்.ஐ.ஏ. வெளிப்படையாகக் கண்டித்தார். அதுவும் நீக்கம்தான். ஆனால் மிக்சரின் குமிழ் வேறு கையில் இருந்தது.

கேட்கத் தொடங்குவோருக்கு

முதலில் ஜேக்கப் மில்லரின் மூலப் பாட்டை இரண்டு மூன்று முறை கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டு, அதன்பின் டப்பியின் வடிவத்துக்குப் போவது சரியான வரிசை. மூலத்தை அறியாதவருக்கு எது நீக்கப்பட்டது என்பது தெரியாது. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்பதைத் தவிர்க்க வேண்டும். அது பேஸின் கீழொலியைக் காட்டாது. கேட்பவருக்கு மிஞ்சுவது தட்டொலியும் எதிரொலியும் மட்டுமே. நல்ல ஹெட்போன் போதும். கீழொலி தாங்கும் பெரிய பெட்டி இருந்தால், அடுத்த அறையில் போட்டுவிட்டு இங்கிருந்து ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.