மரம் பாடுமா?

பில் மே 1946-ல் மெல்பர்னில் ஆரம்பித்த மேட்டன் கம்பெனி, ஆஸ்திரேலிய மரத்திலேயே நல்ல கிட்டார் செய்யலாம் என்று காட்டியது. இன்று அங்கே ஆர்டருக்கு பேஸ் கிட்டார் இழைக்கிறவர்களும் பிளாக்வுட் (நம்ம கருவேலத்துக்குத் தூரத்து உறவு) என்றால் உருகுகிறார்கள். சவுண்டே தனியாம்!

எனக்கென்னவோ இது ஓவர். எலெக்ட்ரிக் பேஸில் பிக்கப் காந்தத்துக்கு எஃகுத் தந்தியின் அதிர்வுதான் தெரியும். பின்னால் இருப்பது பிளாக்வுட்டா, பலாவா என்று அது விசாரிப்பதில்லை. நாலு தந்திகளின் சுமார் 70 கிலோ இழுப்பை வளையாமல் தாங்கும் கழுத்துதான் கைவேலைக்குப் பரீட்சை.

பிறகு உள்ளூர் மரம் எதற்கு? கிட்டார்க்காரர்கள் விரும்பும் ரோஸ்வுட், நம் ஊர் ஈட்டி உள்பட, 2017-ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019-ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது; மரத்துக்கு இல்லை. சொந்தக் கொல்லை மரத்தில் இழைப்பவர் அடுத்தவர் காட்டை விட்டுவைக்கிறார். அதைச் சொல்லியே விற்கலாமே. காதில் பூ சுற்ற வேண்டியதில்லை.