நாழி உணவும் இரண்டு ஆடையும்

பிழைப்பு நாடித் தமிழகத்தினின்று வடபுலம் போந்த நம் முன்னோர் பலர் கொணர்ந்தவை ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளுமே. அரிசி அளக்க ஓர் ஆழாக்கும் அப்பெட்டிக்குள் இருந்திருக்கும். அவர்தம் மக்களாகிய நாம் இன்று வீடு மாற நேர்ந்தால் ஒரு லாரி போதுவதில்லை. பரணிலிருந்து இறங்கும் எவர்சில்வர் அடுக்குகளையும், பிரிக்கப்படாத பரிசுப் பொட்டலங்களையும், உடுத்தாமலே மடிப்பில் இற்றுப்போன பட்டுகளையும் கண்டு நாமே திகைக்கின்றோம். செல்பேசித் திரையை விரலால் தொட்டால் பொருள் வீடு தேடி வரும் இக்காலத்தில் அத்திகைப்பு ஆண்டுதோறும் வளர்கின்றது. அவ்வேளைகளில் நம்மவர் நினைவுக்கு வருவது புறநானூற்றின் 189ஆம் பாடல். எளிய வாழ்வு குறித்து நம் சங்க மேடைகளில் பேசுவோரும் அதனை விரும்பி எடுத்தாள்வர். அப்பாடலை நாம் செவ்வனே படித்திருக்கின்றோமா என்பதே ஈண்டு எழும் வினா.

உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த பின்னரே அப்பாடல் கற்றோர் பலர் கைக்கு எட்டியது. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி. எண்ணி எட்டே அடிகள் கொண்ட சிறு பாடல். கடல் சூழ்ந்த நிலம் முழுவதையும் பிறர்க்குப் பொதுவின்றி ஆளும் வேந்தன் ஒருவன். நள்ளிரவிலும் நண்பகலிலும் துயிலாது விலங்கின்பின் ஓடும் கல்லாத வேட்டுவன் ஒருவன். இவ்விருவர்க்கும் உண்ண வேண்டுவது ஒரு நாழி. உடுக்க வேண்டுவன இரண்டு. ஏனையவும் இவ்வாறே ஒத்தன என்கிறார் புலவர். இதுவரை நம் பேச்சாளர் அனைவரும் சொல்வர். பெரும்பாலோர் இதனோடு நிறுத்தியும் விடுவர். ஆகவே குறைவாக வாழ்க என்பது அவர்தம் முடிவுரை.

ஆயின் பாடல் அவ்விடத்து முடியவில்லை. ஒப்புமை கூறியது முடிபு ஒன்றனுக்கு வழிகோலவே. செல்வத்தால் ஆவது பிறர்க்கு வழங்குதலே. அதனை யாமே நுகர்வோம் என எண்ணின் தவறிப்போவன பல என்பதே அம்முடிபு. நாழியும் ஆடையும் கணக்கின் முதல் வரி. ஈகையே அதன் விடை. வேந்தனுக்கும் தேவை ஒரு நாழியே என்றால் எஞ்சியது யாருக்கு உரியது என்னும் வினாவைத்தான் புலவர் நம்முன் வைக்கின்றார். பொருளைத் துறந்து காடு புகுக என அவர் கூறவில்லை. செலவைச் சுருக்கி மிச்சத்தைப் பூட்டி வைக்க என்றும் கூறவில்லை. நாம் எளிமை எனப் போற்றுவது பல வேளைகளில் இவ்விரண்டாவதே அன்றோ?

இறுதியடியின் வினை தன்மைப் பன்மையில் அமைந்திருப்பதையும் நோக்குதல் வேண்டும். நீ நுகர்ந்தால் என்றோ அவன் நுகர்ந்தால் என்றோ சொல்லாமல், தம்மையும் உளப்படுத்திப் பேசுகின்றார் நக்கீரர். தவறிப்போவன எவை என அவர் எண்ணிக் காட்டவும் இல்லை. அப்பட்டியலை நிரப்பும் பொறுப்பு படிப்பவர்க்கு விடப்பட்டிருக்கின்றது.

ஔவையார் பெயரால் வழங்கும் நல்வழியின் 28ஆம் வெண்பாவை இதனருகே வைத்தால் வேறுபாடு தெளிவாகும். அங்கும் அதே நாழி உணவு; ஆடையின் அளவு நான்கு முழம். ஆனால் வெண்பா அங்கிருந்து உள்ளத்திற்குள் திரும்புகின்றது. தேவை இத்துணைச் சிறிதாயிருக்க எண்ணங்களோ கோடி கோடியாய்ப் பெருகுவதையும், அதனால் சாந்துணையும் மனிதன் படும் துயரையும் காட்டி அது முடிகின்றது. மன அமைதி நாடுவார்க்கு அது நன்மருந்து. நக்கீரர் பாட்டோ உள்ளே திரும்பாமல் வாயிலைத் திறந்து வெளியே நோக்குகின்றது. அளவு ஒன்று, நோக்கு இரண்டு. நம் மேடைகளில் நக்கீரர் பெயரைச் சொல்லி நல்வழியின் பொருளையே உரைத்து வருகின்றோம் என்பது எம் கருத்து.

இப்பாடல் மீது ஒரு குறை கூறவும் இடமுண்டு. வேந்தனின் நாழி உறுதியானது. வேட்டுவனின் நாழி அன்றைய வேட்டையைப் பொறுத்தது. இருவரும் ஒப்பர் என்பது வறுமையின் கொடுமையை மறைப்பதாகாதா? புலவர் அதனை அறியாதவர் அல்லர் என்பதற்கு அவ்வேட்டுவனின் துயிலாமையே சான்று. மேலும், அறிவுரை யார்க்குக் கூறப்பட்டது எனக் காண வேண்டும். உடையார்க்கே ஈகை கூறப்பட்டது. வேட்டுவனை நோக்கி, நீ நாழியோடு அமைக என ஒரு சொல்லும் இல்லை. ஆகவே நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்மணி கூலியை உயர்த்தித் தருமாறு கேட்கும்போது, எளிய வாழ்வின் சிறப்பை அவருக்கு எடுத்துரைக்க இப்பாடலில் நமக்கு உரிமை இல்லை.

இல்லாமையின் முகம் எத்தகையது என்பதைப் புறநானூறே வேறிடத்தில் காட்டுகின்றது. குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனார் 160ஆம் பாடலில் தம் மனையைக் காட்டுகின்றார். பசித்த சிறுவன் வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழுகின்றான். தாய் புலி எனச் சொல்லி அச்சுறுத்தியும் திங்களைக் காட்டியும் அவன் அழுகையைத் தணிக்க முயல்கின்றாள். அவ்வீட்டில் பொருள் மிகக் குறைவு. அதனை எளிமை என எவரேனும் கூறுவரா? பின்னர்க் குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட அப்புலவர் 163ஆம் பாடலில் மனைவியிடம் கூறுவது வியப்புக்குரியது. உன்னை விரும்புவோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், நம் சுற்றத்தின் பசி தீர முன்பு குறியெதிர்ப்பை தந்தோர்க்கும், இன்னார் எனப் பாராது, என்னையும் கேளாது, சேர்த்து வைத்து வளமாய் வாழ்வோம் எனவும் எண்ணாது கொடு என்கின்றார். நக்கீரர் கருத்தாகக் கூறியதை ஓர் இல்லத்தின் நடப்பாகக் காட்டும் பாடல் இது. வறுமையை அறிந்தவர் வாயில் வருவதால் இதற்கு வலிமை மிகுதி.

திருவள்ளுவர் அதிகாரங்களை அமைத்த முறையும் இதற்கு அரண் செய்கின்றது. துறவு துறவறவியலில் நிற்க, ஒப்புரவறிதலும் ஈகையும் இல்லறவியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. நல்குரவோ பொருட்பாலில் துன்பமாகவே பேசப்படுகின்றது. துறவி விடுகின்றான், இல்வாழ்வான் பகிர்கின்றான், வறியவன் இழந்து நிற்கின்றான். பொருள் குறைந்த நிலை மூவர்க்கும் பொதுவாகத் தோன்றினும் மூன்றும் ஒன்றல்ல.

நக்கீரர் பெயரோடு இணைந்த மதுரை மாநகரில் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். கதர் வாங்க இயலாத ஏழைகளைக் கண்ட பின் எடுத்த முடிவு அது. நக்கீரர் கூறிய இரண்டு ஆடையையும் குறைத்துக்கொண்ட அச்செயலும் தம் மன அமைதிக்காக மட்டும் நிகழ்ந்ததன்று. அவர் பார்வை இல்லாதவர் மேலேயே இருந்தது.

நாமும் ஒரு காலத்தில் குறியெதிர்ப்பை பெற்றவர்களே. மொழி அறியாது இந்நகரில் வந்திறங்கியபோது ஒற்றை அறையில் நமக்கும் பாய் விரிக்க இடம் தந்தவர் உண்டு; மாதக் கடைசியில் ஆழாக்கு அரிசி அளந்து கொடுத்தவர் உண்டு. அவர்களுள் தமிழரும் இருந்தனர். தமிழ் அறியாத அண்டை வீட்டாரும் இருந்தனர். இன்று வீட்டில் இடம் பெருகியும், ஊரிலிருந்து வேலை தேடி வரும் இளைஞனை இரண்டு நாள் தங்க வைக்கத் தயங்குகின்றோம். அறைகளைப் பொருள்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. நக்கீரர் எண்ணிக் காட்டாது விட்ட பட்டியலில், நம் பங்கிற்கு, முதலில் எழுத வேண்டியது இதுவே எனத் தோன்றுகின்றது.