நெல்லை சு. முத்துவின் பன்னிரண்டு கட்டளைகள்

சென்ற தவணையில் படிவம் நான்கு மாணவர்களுக்குக் கூடுதல் வாசிப்பாக நெல்லை சு. முத்துவின் ‘அறிவியல் ஆத்திசூடி’யைக் கொடுத்தேன். தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் உள்ள கவிதை. மொத்தமே பன்னிரண்டு வரிதான். படித்து முடித்ததும் ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், இதுல அறிவியல் எங்க இருக்கு?”

நியாயமான கேள்வி. சிரித்துவிட்டு நகர முடியவில்லை.

எழுதியவர் சாதாரண ஆள் இல்லை. 1951இல் திருநெல்வேலியில் பிறந்து, திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திலும் ஸ்ரீஹரிகோட்டா சதீஷ் தவான் விண்வெளி மையத்திலும் பணியாற்றியவர். 2024இல் காலமானார். எண்பதுக்கும் மேற்பட்ட நூல்கள். அவற்றில் ‘விண்வெளி 2057’ தமிழ்நாடு அரசின் பரிசு பெற்றது. அந்தத் தலைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள்: ஸ்புட்னிக் பறந்த 1957இலிருந்து சரியாக நூறு ஆண்டு. இவருக்கு முந்தைய தலைமுறையில் தமிழில் அறிவியலை விளக்கிய பெ.நா. அப்புசாமி தொழிலால் வழக்கறிஞர். படித்துத் தெரிந்துகொண்டதை நமக்குச் சொன்னார். முத்துவோ ராக்கெட் செய்யும் இடத்திலேயே சம்பளம் வாங்கியவர். இந்த வேறுபாடு பெரியது.

ஆனால் பாடநூலின் ஆசிரியர் குறிப்பில் பிள்ளைகள் மனதில் தங்குவது எது? அப்துல் கலாம் இவரைத் தம் அலைநீளத்தில் சிந்திப்பவர் என்று பாராட்டினார் என்பதுதான். தேர்வில் எழுதுவதும் அதைத்தான். எண்பது நூல்களில் ஒன்றின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. இது அவர் தப்பு இல்லை, நம் தப்பு.

கவிதைக்கு வருவோம். ஆத்திசூடி என்பது கட்டளை வடிவம். அகர வரிசை, இரண்டு மூன்று சொல், வினைமுற்று, முடிந்தது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஔவையையும் பாரதியின் புதிய ஆத்திசூடியையும் மனனம் செய்தே வளர்ந்தவர்கள். வானநூல் படிக்கச் சொல்லும் வரி பாரதியிடமே உண்டு. ஆகவே முத்து எடுத்த வடிவம் பழக்கமானது, மனத்தில் நிற்பது. அது அவருக்கு லாபம். நட்டம் எங்கே என்றால், அறிவியலின் குணம் கேட்பது. ஆத்திசூடியின் குணம் சொல்வது. எகர வரியில் வெற்றி எப்போதும் அறிவியலுக்கே என்கிறார். உடனே அடுத்த ஏகார வரியில் காரணம் கேட்கச் சொல்கிறார். முதல் வரியை அப்படியே நம்பிவிட்டால் இரண்டாவது வரிக்கு என்ன வேலை?

அவர் பணியாற்றிய அதே நிறுவனத்தின் வரலாறு இந்த இடத்தில் கைகொடுக்கிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. திட்ட இயக்குநர் கலாம். ஏவுவதற்கு முன்பே கணினி நிறுத்தச் சொன்னது, கசிவு இருந்தது, நிபுணர்கள் பரவாயில்லை என்றதால் ஏவச் சொன்னேன் என்று கலாமே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்து ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பத்திரிகையாளர் முன் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. அன்று பேசுவதற்குக் கலாமை அனுப்பினார் தவான்.

இதைச் சொல்லிவிட்டு ஔகார வரியைப் படித்துப் பாருங்கள். அனுபவத்தை மருந்து என்கிறார் முத்து. வெறும் அறிவுரையாக இருந்த வரிக்கு இப்போது ஒரு விலை இருக்கிறது. என் குறை, கவிதை தானாக அந்த விலையைக் காட்டவில்லை என்பது. தோல்வியைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. பன்னிரண்டு வரியில் இடம் எங்கே என்பீர்கள். சரி, ஆனால் ஓய்வில்லாமல் உழைக்கச் சொல்ல இடம் இருந்ததே!

செயல்முறையைச் சொல்ல உரைநடைதான் வேண்டும். எங்கள் கோலா கங்சாரில் 1877இல் நட்டதாகச் சொல்லப்படும் ரப்பர் மரம் இன்றும் நிற்கிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தில் உள்ள ஏறத்தாழ 138 டன் திட எரிபொருளைப் பிடித்து வைத்திருப்பதும் ஒரு வகை ரப்பர்தான், செயற்கையானது. எரியும் தூள்களை அது இறுக்கிக் கட்டுகிறது. விரிசல் விழுந்தால் எரியும் பரப்பு கூடி, அழுத்தம் ஏறி, கலன் வெடிக்கலாம். தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய பிள்ளைகள் இதை வாய் பிளந்து கேட்டார்கள். கட்டளை வாக்கியத்தில் இதைச் சொல்லவே முடியாது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று: திறனாய்வில் ‘சிறப்பாக உள்ளது’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். எந்த வரி, ஏன் என்று காட்டுங்கள். குறை சொன்னாலும் அப்படியே.

நான் பிறகு செய்தது, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எழுதச் சொன்னேன். கேள்வி கேட்ட பையன் ஔகாரத்துக்கு ‘1979’ என்று எழுதியிருந்தான். எகரத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி மட்டும். முழு மதிப்பெண் போட்டேன்.