சிலம்பிற் சொல்லாத சொல்

வைகாசித் திங்கள் வந்ததும் கிழக்கிலங்கையின் கண்ணகி கோயில்களிலே திருக்கதவு திறக்கப்படும். 'கண்ணகி வழக்குரை' என்னும் காவியம் படிக்கப்படும். முடிவிலே குளிர்த்தி நிகழும். மதுரையை எரித்த சினம் தணியுமாறு அன்னையைக் குளிர்விக்கும் சடங்கே அதுவென்பதை இப்பகுதியார் யாவரும் அறிவர். கோவலன் கட்சி, கண்ணகி கட்சி என ஊர் இரண்டாய்ப் பிரிந்து கொம்புமுறி ஆடிய வழக்கமும் இந்நிலத்துக்கு உரியது. ஆண்டுதோறும் தணிவிக்கப்படும் இச்சினம் எதனால் மூண்டதென வினவின், பாண்டியன் பிழைத்த நீதியால் என்பர். அவ்விடை பொருந்துவதே, எனினும் அதனோடு அமைதல் சாலாது. அரசவையிலே அத்துணை ஆற்றலோடு வழக்குரைத்த ஒரு பெண், தன் இல்லத்திலே தன் கணவனிடம் ஒரு வழக்கும் உரையாது இருந்தது ஏன்? சிலப்பதிகாரத்தைக் கற்போர் பலரும் இவ்வினாவை எழுப்புவதில்லை. அவளது வாய்பேசாமையையே கற்பின் அணியெனப் பாராட்டி அமைகின்றனர். இளங்கோவடிகளின் கருத்தும் அதுவேதானா என்பது ஆராயற்பாலது.

திருமணக்காலத்துக் கண்ணகிக்கு அகவை 12, கோவலனுக்கு 16. இரண்டாங் காதையாகிய மனையறம்படுத்த காதையிலே கோவலன் தன் மனைவியின் அழகை வியந்து நெடிது பேசுகின்றான். அவளை மணி என்றும் முத்து என்றும் அமிழ்து என்றும் பாராட்டுகின்றான். அப்பாராட்டு முழுவதிலும் அவள் உள்ளத்தை அறிய விழையும் ஒரு வினாவேனும் இல்லை. அவள் மறுமொழி ஒன்றும் அடிகளால் கூறப்படவும் இல்லை. ஒருவர் மட்டும் பேச மற்றவர் கேட்டிருத்தல் உரையாடல் ஆகாது. புகழ்ச்சி எத்துணை இனியதாயினும், அஃது எதிரில் இருப்பாரின் உள்ளத்தை அறிய உதவுவதன்று. கோவலனுக்குப் பாராட்டத் தெரிந்திருந்தது; கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

இக்குறை கண்ணகியோடு நின்றதன்று. மாதவியோடு கடற்கரையில் இருந்த பொழுதும் இதுவே நிகழ்ந்தது. கானல்வரியிலே கோவலன் யாழிசைத்துப் பாடுகின்றான். அவன் வேறொருத்தியை நினைந்து பாடினான் என மாதவி கருதுகின்றாள். அவளும் தான் ஒரு குறிப்பு உடையாள் போலப் பாடுகின்றாள்; அவள் வேறொருவனை நினைந்தாள் எனக் கோவலன் கருதுகின்றான். 'யாரை நினைந்து பாடினை?' என்று ஒரு வினா எழுந்திருப்பின் அப்பிரிவு நேர்ந்திராது. அவ்வினாவை இருவரும் வினவினாரல்லர். பின்னர் மாதவி ஓலை எழுதி விடுத்தாள். முதல் ஓலையைக் கோவலன் ஏற்க மறுத்தான். இரண்டாம் ஓலையை மதுரைக்குச் செல்லும் வழியிலே கௌசிகன் கொணர்ந்து கொடுக்க, படித்துத் தீது தன்னுடையதே என உணர்ந்தான். நேரிற் பேசியிருந்தால் ஒரு பொழுதில் தீர்ந்திருக்கக்கூடிய ஐயம், ஓலையும் தூதும் காடும் கடந்து தீர்தற்கு இத்துணைக் காலம் வேண்டியிருந்தது.

கண்ணகி கணவனிடம் பேசும் முதற்சொல் நூலிலே எங்கே வருகின்றது? ஒன்பதாங் காதையாகிய கனாத்திறம் உரைத்த காதையிலே வருகின்றது. அதற்கு முன்னரே, அதே காதையில், அவள் ஒரு தீய கனவைத் தன் தோழியாகிய தேவந்திக்கு உரைக்கின்றாள். கணவனுடன் ஒரு பெரிய நகருக்குச் சென்றதும், அங்கே அவன்மேற் பழி வந்ததும், கோவலற்குத் தீங்குற்றதும், தான் அரசன் முன் வழக்குரைத்ததும், அந்நகர் அழிவுற்றதும் அக்கனவில் அடங்கும். பின்னர் நிகழவிருப்பன அனைத்தும் அதிலே உள. அவள் அதனை உரைத்து முடித்த சிறிது பொழுதிற் கோவலன் வாயிலில் வந்து நிற்கின்றான். பொருளெல்லாம் இழந்த நாணத்தைக் கூறுகின்றான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இன்மையால் தளர்ந்தான் எனக் கண்ணகி எண்ணினாள் என்று உரைமரபு விளக்கும். அவள் முறுவலோடு சிலம்பு உண்டு, கொள்க என்கின்றாள். அவன் கூறியது ஒன்று. அவள் கொண்டது மற்றொன்று. அன்றிரவு கழியுமுன்னரே இருவரும் மதுரை நோக்கிப் புறப்படுகின்றனர். தோழிக்குச் சொன்ன கனவைக் கணவனுக்கு அவள் சொன்னதாக நூலில் யாண்டும் இல்லை.

இனிக் கோவலனை நோக்குக. பதினைந்தாவதாகிய அடைக்கலக் காதையிலே அவனும் ஒரு தீய கனவு கண்டதை வெளியிடுகின்றான். தனக்கு நேரும் கேடும், கண்ணகி உறும் நடுக்கமும் அதிலே தோன்றின. அதனை அவன் உரைத்தது மாடலன் என்னும் மறையோனுக்கு, கண்ணகிக்கு அன்று. ஒரே வழியில், ஒரே துயரை நோக்கி நடக்கும் இருவர், ஒரே அச்சத்தைத் தனித்தனியே நெஞ்சிற் சுமக்கின்றனர். இருவரும் அதனைப் பிறரிடம் இறக்கி வைக்கின்றனர், ஒருவர்க்கொருவர் சொல்லவில்லை. சொன்னால் மற்றவர் வருந்துவர் என்னும் அன்பே இதற்குக் காரணம் என்னலாம். அன்பு மறைக்கும் அச்சமும் தனிமையையே வளர்க்கும் என்பதை இவ்விரு கனவுகளின் அமைப்பு காட்டுகின்றது.

மூன்றாவது கனவும் ஒன்று உண்டு. அது கோப்பெருந்தேவி கண்டது. அவள் அதனைத் தன் கணவனாகிய அரசனிடமே சென்று கூறுகின்றாள். ஆனால் அவள் கூறும் பொழுது கோவலன் வெட்டுண்டு வீழ்ந்துவிட்டான். கண்ணகி வாயிலில் நிற்கின்றாள். உரிய இடத்திற் சொல்லப்பட்ட அச்சொல் உரிய காலத்தைத் தவறவிட்டது.

அரண்மனையில் அதற்கு முன்னர் நிகழ்ந்ததும் எண்ணற்குரியது. கூத்துமகளிரின் ஆடலிலும் பாடலிலும் அரசன் நெஞ்சு சென்றது எனக் கருதிய தேவி ஊடினாள். ஊடலை ஊடலென்று உரைத்தாளல்லள். தலைநோய் என்று காரணம் காட்டி எழுந்து சென்றாள். அவளைத் தணிவிக்கும் விரைவிலே அரசன் சென்றபொழுதுதான் பொற்கொல்லன் எதிர்ப்பட்டு வணங்கினான். ஆராய்தற்கு உள்ளம் ஒருப்படாத அந்நிலையிலே கொலைக்கட்டளை பிறந்தது. பொற்கொல்லனின் வஞ்சமும் அரசனின் கடமை வழுவும் குற்றங்களே. அவற்றை இல்லையென மறுத்தற்கு இடமில்லை. எனினும் அக்குற்றங்களுக்கு வழி திறந்தது, சொல்லாது மறைக்கப்பட்ட ஒரு மனக்குறையே. இங்ஙனம் வணிகன் மனையில் ஒரு மௌனமும் மன்னன் மனையில் ஒரு மௌனமும் மதுரையிலே ஒன்றையொன்று சந்தித்தன எனலாம்.

கண்ணகி கணவனிடம் ஒருபோதும் மனம் திறந்திலளோ எனின், ஒருமுறை திறந்தாள். பதினாறாவதாகிய கொலைக்களக் காதையிலே, மாதரியின் மனையில், தன் கையாற் சமைத்த உணவைக் கணவனுக்குப் படைத்த பின்னர் அது நிகழ்கின்றது. கோவலன் தான் செய்த தவறுகளை ஒவ்வொன்றாய் எண்ணி வருந்துகின்றான். தான் அழைத்தவுடன் அவள் எழுந்து வந்ததை வியக்கின்றான். பாராட்டு மட்டுமே அறிந்த அவன் நாவிலே அன்றுதான் தன்னிரக்கமும் பணிவும் தோன்றுகின்றன. அதன் பயனாகக் கண்ணகியும் பேசுகின்றாள். அவன் இல்லாத மனையில் அறவோரையும் விருந்தினரையும் பேண இயலாதிருந்ததையும், மாமனும் மாமியும் வந்தபொழுது பொய்முறுவலால் துயர் மறைத்ததையும், அவன் ஒழுக்கம் போற்றத்தகாதது என்பதையும் சொல்லிவிடுகின்றாள். கடுமொழி இல்லை, ஆயின் மறைப்பும் இல்லை. ஆண்டுகள் பல சொல்லப்படாத சொல் அன்று ஒரு பொழுதிற் சொல்லப்பட்டது. பின்னர் அவன் ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெரு நோக்கிச் சென்றான்; மீண்டிலன். கண்ணகியின் மௌனமே அடிகளுக்கு உகந்ததாயின், இவ்வுரையாடலை அவர் இவ்விடத்தில் வைத்திருக்க வேண்டுவதில்லை.

ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பது இக்காப்பியத்தின் முப்பொருளுள் ஒன்று. ஆதலின் இவர்கள் பேசியிருந்தாலும் முடிவு மாறியிராது என ஒருசாரார் கூறுவர். அது நேர்மையான தடையே. கோவலன் இறப்பை ஊழ் விதித்தது என ஏற்றுக்கொள்வோம் எனினும், கண்ணகி தனித்து வைகிய இரவுகளை ஊழ் விதித்ததென்று நூல் எங்கும் கூறவில்லை. அவை மனிதரால் விளைந்தவை. இறப்பைத் தடுக்க மாட்டாத உரையாடலும் இருக்கும் நாளை வாழ்வாக்க வல்லது.

இதற்கு மருந்தைத் தமிழர் அறியாதவரல்லர். 133 அதிகாரங்களைக் கொண்ட திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை. தும்மினால் 'யார் நினைத்தார்?' என்றும், தும்மலை அடக்கினால் 'யாரை மறைக்கின்றீர்?' என்றும் அழும் தலைவியை வள்ளுவர் நகைச்சுவை தோன்றக் காட்டுகின்றார். ஐயம் அங்கே நெஞ்சில் அழுகிப் போவதில்லை. உடனே வாய்வழி வெளிப்பட்டுத் தீர்ந்துவிடுகின்றது. ஊடல் உணவில் உப்புப் போல் அளவறிந்து அமைய வேண்டும் என்பதும் அவர் கருத்து. அளவு கடந்த ஊடல் உறவைக் கெடுக்கும்; உப்பேயில்லாத உணவும் உண்ணப்படாது. இந்நிலத்துக் கொம்புமுறியும் இவ்வுண்மையையே விளையாட்டாக்கியது; இருகட்சியும் வெளிப்பட நின்று இழுத்து, ஆட்டம் முடிந்ததும் ஒன்றுபட்டன.

தொல்காப்பியக் கற்பியல் தலைவன் தலைவியரிடையே தோழி, பாணன் முதலாய வாயில்கள் பன்னிருவரைக் கூறும். இற்றைநாளிற் பாணரும் விறலியரும் இலர். வாயில்கள் மட்டும் ஒழிந்தனவல்ல. 'அப்பாவிடம் போய்ச் சொல்' எனப் பிள்ளையைத் தூதாக்கும் இல்லங்கள் இன்றும் உள. கப்பல்துறை சார்ந்த இம்மாவட்டத்திலே கடல்மேலும் வளைகுடா நாடுகளிலும் தொழில் புரியும் கணவர் பலர். அங்ஙனமே சென்ற மனைவியரும் பலர். கைப்பேசியிலே நாள்தோறும் பணமும் பள்ளிக் கட்டணமும் பேசப்படுகின்றன. தீய கனவு மட்டும் இன்னும் தேவந்திக்கும் மாடலனுக்குமே சொல்லப்படுகின்றது.

இத்திருகோணமலையிலே பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை, தமிழின் முதல் வரலாற்று நாவலாக எண்ணப்படும் 'மோகனாங்கி'யை 1895ஆம் ஆண்டில் வெளியிட்டவர். அதற்கு முன்னரே, 1892இல், அவர் 'தத்தைவிடு தூது' என்னும் செய்யுள் நூலை இயற்றினார். பழைய தூதிலக்கிய வடிவிலே பெண்ணின் விடுதலையைப் பேசியது அந்நூல். பெண்ணொருத்தி தன் உள்ளத்தைக் காதலனுக்கு உரைக்க ஒரு கிளியை நாடவேண்டியிருந்தது என்பதே அக்காலச் சமூகத்தின்மேல் அவர் வைத்த வழக்கு எனக் கொள்ளலாம். கிளி வேண்டாத நிலையே அவர் விழைந்த நிலை.

அந்நிலை மனைவியின் துணிவால் மட்டும் எய்தற்பாலதன்று. கொலைக்களக் காதையிலே முதலில் தன் பிழையுணர்ந்து பேசியவன் கோவலன். அதன் பின்னரே கண்ணகி வாய்திறந்தாள் என்பது மறக்கற்பாலதன்று. கேட்கும் செவி உள்ள இடத்திலேதான் சொல்லும் நா எழும். வைகாசி தோறும் கோயிலிலே நிகழும் குளிர்த்தி, நாள்தோறும் மனைக்கண் நிகழ்தல் வேண்டும். ஒரு வினாவும் அதற்கு ஒரு மெய்யான விடையுமே அக்குளிர்த்திக்குப் போதிய நீராகும்.