விளாவிய சூடு

ஜெர்மனியிலோ டென்மார்க்கிலோ நல்ல வீடு ஒன்றைப் பார்க்க வாய்த்தால் நிலவறைக்கு இறங்கிப் பாருங்கள். வீட்டின் நுட்பமான கைவேலை அங்கேதான் இருக்கிறது.

பாய்லர் ஒன்று, அதனிடம் சூடு கேட்பவை மூன்று. மாடியிலுள்ள பழைய ரேடியேட்டர்களுக்குக் கடுங்குளிரில் 70 டிகிரி வரை வேண்டும். கீழ்த்தளத்தில் தரைக்கு அடியில் சுருண்டு ஓடும் குழாய்களுக்கு 35 டிகிரியே போதும். வசிக்கும் அறையின் தரைப்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலை. குழாயில் வரும் வெந்நீருக்கான தொட்டியோ, லெஜியோனெல்லா கிருமி பெருகாமலிருக்க, 60 டிகிரியில் நிற்க வேண்டும்.

தரைக்குப் போகும் நீரின் சூட்டைத் தணிக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நாம் குளிக்க விளாவுவதுபோல் இதில் பச்சைத் தண்ணீர் சேர்ப்பதில்லை. தரையைச் சூடாக்கிவிட்டு 30 டிகிரியில் திரும்பி வரும் அதே நீரையே கலக்கிறார்கள். 70 டிகிரி நீர் ஒரு பங்கு, திரும்பிய நீர் ஏழு பங்கு, சேர்ந்தால் 35.

கலப்பது உள்ளங்கையளவு பித்தளை மூவழி வால்வு. அதன் தலையிலுள்ள சிறு மோட்டார் முழுதும் திரும்பச் சுமார் 2 நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த நிதானம் வேண்டுமென்றே வைத்தது. வேகமாகத் திரும்பினால் சூடு ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கித் தள்ளாடும். கிளைக்கொரு பம்ப் ஓடும்போது ஒன்றின் இழுப்பு இன்னொன்றைக் கெடுக்காதபடி, பாய்லருக்கும் கிளைகளுக்கும் நடுவில் பருத்த குழாய் ஒன்று செங்குத்தாக நிற்கும். அதற்குள் நீர் வேகம் தணிந்து பிரிகிறது.

வீட்டின் வடக்குச் சுவரில், வெயில் படாத இடத்தில் ஓர் உணரி இருக்கும். வெளியே குளிர் கூடக்கூட உள்ளே ஓடும் நீரின் சூட்டை அது உயர்த்தச் சொல்லும்: ரேடியேட்டருக்கு வேகமாக, தரைக்கு மெதுவாக. அறைக்குள் கடைசித் திருத்தத்தைச் செய்வது ரேடியேட்டர் தெர்மோஸ்டாட். டான்ஃபோஸ் நிறுவனர் மேட்ஸ் கிளாஸன் 1943-இல் உருவாக்கியது அது.

கடுங்குளிரில் எந்தப் பாய்லரும் வீட்டைச் சூடாக்கிவிடும். தேர்ந்தவரின் கை தெரிவது மார்ச் மாதத்தில். வெளியே 10 டிகிரி, வீட்டுக்குத் தேவை கொஞ்சம்தான். அப்போது ரேடியேட்டர் நீர் 40-க்கு இறங்கியிருக்கும். பாய்லர் அணைந்து அணைந்து எரியாமல் சிறு சுடரில் நெடுநேரம் ஓடும். திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருப்பதால், புகையிலுள்ள நீராவி பாய்லருக்குள்ளேயே குளிர்ந்து நீராகி, புகைபோக்கி வழியே போயிருக்க வேண்டிய வெப்பத்தையும் வீட்டுக்குக் கொடுத்துவிடும். தேவைக்கு மேல் ஒரு டிகிரிகூட ஏற்றாத இந்த அடக்கத்தையே நான் வீட்டைச் சூடாக்கும் கலையின் உச்சம் என்பேன்.